தகர உண்டியல்

"அழ வைக்கிற நாவலாகவும் இருக்க வேண்டும், படித்து முடித்தால் மனசுக்குத் தெம்பாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று சொல்லுங்களேன்!" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது துர்லபந்தான். ஆனாலும் இல்லாமல் போகவில்லை. பெட்டி ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி, 1943-ல் வெளியான 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' என்ற நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். புரூக்ளினில் ஒரு மரம் வளர்கிறது என்று அர்த்தம்.

நியூயார்க் என்றால் வானத்தை முட்டும் கட்டடங்கள்தான் நம் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கதையில் அவை இல்லை. புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஏழைகளின் பேட்டை, 1912-ஆம் வருஷம், ஒண்டுக் குடித்தனங்கள். கேட்டி நோலன் அந்தக் கட்டடத்தின் தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். அதற்குப் பதிலாக அவளுக்கு வாடகை கிடையாது. புருஷன் ஜானி பாடிக் கொண்டே பரிமாறும் சர்வர். குரல் தேன், குணம் தங்கம், ஆனால் குடி அவனை விடவில்லை. மகள் ஃபிரான்ஸி, மகன் நீலி. இவ்வளவுதான் குடும்பம்.

கேட்டியின் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி பிறந்தவுடன் அந்தக் கிழவி மகளுக்குச் சொன்ன யோசனைகளைக் கேளுங்கள்: தினம் இரவு ஷேக்ஸ்பியரில் ஒரு பக்கமும் பைபிளில் ஒரு பக்கமும் குழந்தைக்குப் படித்துக் காட்டு; ஒரு தகர டப்பாவை உண்டியலாக்கி, இருட்டு மூலையில் தரையோடு ஆணி அடித்து வை; அதில் சேரும் காசைக் கொண்டு என்றாவது ஒரு துண்டு நிலம் வாங்கு.

சமையலறையை ஆளும் எந்தப் பெண்ணும் கேட்டியைப் பார்த்துச் சபாஷ் போடுவாள். நாள்பட்ட ரொட்டியை மலிவாக வாங்கி, அதில் விதவிதமாகப் பண்டம் செய்வாள். இத்தனை செட்டுக்காரி, ஃபிரான்ஸி தன் பங்குக் காப்பியைக் குடிக்காமல் தொட்டியில் கொட்டினால் மட்டும் தடுப்பதில்லை. வீணாக்குவதற்கும் ஏதோ ஒன்று கையில் இருந்தால்தான் ஏழைக்கும் தான் ஏழை என்பது சற்று மறக்கும் என்பது அவள் கட்சி. சிக்கனத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. இந்த ஒரு காப்பியில் இருக்கும் ஞானம் அவற்றில் இல்லை!

வீட்டில் ஒன்றுமே இல்லாத நாட்களில் ஒரு விளையாட்டு உண்டு. எல்லோரும் வடதுருவ யாத்திரிகர்கள்; பனிப்புயலில் சிக்கிக் கொண்டார்கள்; உதவி வரும் வரை பசியைப் பொறுக்க வேண்டும். ஒரு நாள் ஃபிரான்ஸி கேட்டு விடுகிறாள்: யாத்திரிகர்கள் பட்டினி கிடந்தால் வடதுருவத்தைக் கண்டு பிடிக்கிறார்கள், நம் பட்டினியால் என்ன கிடைக்கிறது? தாய்க்குப் பதில் இல்லை.

1915 கிறிஸ்துமஸன்று ஜானி இறந்து போகிறான். கேட்டியின் வயிற்றில் மூன்றாவது குழந்தை. சாவுச் சீட்டில் குடியைப் பற்றி எழுதாதீர்கள், நிமோனியா என்று மட்டும் எழுதுங்கள் என்று டாக்டரிடம் மன்றாடுகிறாள். குழந்தைகளுக்கு நல்ல தகப்பனாகவே அவன் மிஞ்ச வேண்டுமாம்! அப்புறம் உண்டியலைப் பெயர்த்து எடுக்கிறார்கள். நிலம் வாங்கச் சேர்த்த காசு அவன் புதைகுழி நிலத்துக்குப் போகிறது. அந்தக் குடும்பம் வாங்கிய முதல் நிலம் அதுதான்.

பிறகுதான் மனத்தைத் தைக்கும் கட்டம் வருகிறது. இரண்டு பேரையும் மேலே படிக்க வைக்க வசதி இல்லை. கேட்டி மகனை அனுப்புகிறாள். மகளை வேலைக்கு அனுப்புகிறாள். தள்ளாவிட்டால் நீலி படிக்க மாட்டான், ஃபிரான்ஸி எப்படியாவது வழி தேடிக் கொள்வாள் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை, ஃபிரான்ஸி ஹைஸ்கூல் வாசலை மிதிக்காமலே கடைசியில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குக் கிளம்புகிறாள். ஆனால் தாயின் மனத்தில் தம்பிக்குத்தான் முதலிடம் என்பது அவளுக்குத் தெரியும். "நீ கெட்டிக்காரி, சமாளித்துக் கொள்வாய்" என்ற புகழ்ச்சியைக் கேட்டே வளர்ந்த பெண்களுக்கு இந்த இடம் விளங்கும். தாயின் அன்பிலும் ஏற்றத் தாழ்வு உண்டு என்று எழுத ஆசிரியைக்குத் தைரியம் இருந்தது. அதனால்தான் மற்றப் பக்கங்களில் அவர் காட்டும் அன்பையும் நாம் நம்புகிறோம்.

பள்ளிக்கூடப் படிப்பு முடியும் நாள். மற்றப் பெண்களுக்கு மேஜைமேல் பூங்கொத்துகள். தனக்கு ஒன்றும் இராது என்று ஃபிரான்ஸி தன் மேஜைப் பக்கம் திரும்பவே அஞ்சுகிறாள். அங்கே சிவப்பு ரோஜாக்கள்! கூடவே ஒரு கார்டு, அப்பாவின் கையெழுத்தில். சாவதற்கு முன்பே பெரியம்மா ஸிஸ்ஸியிடம் பணமும் கார்டும் கொடுத்து வைத்திருக்கிறான் அந்தக் குடிகாரன். அப்பா போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிடுகிறது. நமக்குந்தான்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று சட்டைப் பையில் அடங்கும் பதிப்பாக இந்த நாவலை அச்சிட்டார்கள். போர்முனையிலிருந்து ஆசிரியைக்கு ஏராளமான கடிதங்கள் வந்தன. 1945-ல் எலியா கஸான் இதைப் படமாக எடுத்தார். ஜானியாக நடித்த ஜேம்ஸ் டன்னுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

மரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? தண்ணீரும் மண்ணும் இல்லாத சிமெண்டு முற்றத்தில் முளைத்தது அது. துணி உலர்த்த இடைஞ்சல் என்று வெட்டிப் போட்டார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்து விட்டது.

உங்கள் வீட்டிலும் "அவள் சமாளித்துக் கொள்வாள்" என்று எல்லோரும் சொல்லும் ஒருத்தி இருப்பாள். புத்தகத்தைப் படித்து முடித்ததும் முதலில் அவளிடம் கொடுங்கள். அவள் படித்து முடிக்கும் வரை அடுப்படி வேலையை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்!