முதல் எண்ணும் முப்பத்து நான்காம் எண்ணும்

ஆஸ்திரேலியர் ஆடும் கால்பந்துக்கும் நம் தமிழ் மன்ற மலருக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் அந்நாட்டுக் கழகங்கள் ஆண்டுதோறும் ஒரு பெரிய கேள்விக்கு விடை காண முயல்கின்றன. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனைப் பார்த்து, இருபத்தெட்டு வயதில் இவன் எப்படி விளங்குவான் என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி இளைஞர் அனைவருக்கும் உரியது. ஆகவே நமக்கும் உரியது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறு கையை மடக்கிக் குத்தியும் அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்கும் ஊடே உதைத்தால் 6 புள்ளிகள். நெடியவனுக்கும் அங்கே வேலை உண்டு. குள்ளனுக்கும் வேலை உண்டு.

இளைஞரைக் கழகங்கள் பங்கிட்டுக்கொள்ள 1986-ஆம் ஆண்டில் 'டிராஃப்ட்' என்னும் தேர்வு முறை வந்தது. நாம் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் காணும் ஏலத்தைப் போன்றதன்று அது. அங்கே பணப்பை பேசுவதில்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் கடைசியாக நின்ற கழகம் முதலில் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும். கோப்பை வென்ற கழகம் எல்லோருக்கும் பின்னால் கை நீட்டும். தம் முறையை வேறொரு கழகத்தோடு மாற்றிக்கொள்வதும், பழைய ஆட்டக்காரரின் மகனுக்குத் தனிச் சலுகை காட்டுவதும் உண்டு என்றாலும், அடிப்படை இதுவே: தோற்றவனுக்கு முதல் கை. அழகான நீதி! ஆனால் முதலில் கை நீட்டியவன் நல்லதையே எடுப்பான் என்று யார் உறுதி சொல்வது?

எடுப்பதற்கு முன் அவர்கள் அளக்காதது ஒன்றுமில்லை. 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எம்பும் உயரம், வளைந்து திரும்பும் வேகம் எல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. நான் விஞ்ஞான மாணவன். அளவையை இகழ்வேன் அல்லேன். ஆனால் இந்தக் கருவி எதை அளக்கின்றது என்று கேட்கச் சொன்னதும் அந்த விஞ்ஞானமே. கடிகாரம் இன்றைய வேகத்தைச் சொல்கின்றது. நாளைய வளர்ச்சியைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. மேலும், ஓர் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைவோர் அந்த ஆண்டுத் தேர்வுக்கு வரலாம் என்பது விதி. ஆகவே ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கின்றார்கள். அந்தப் பருவத்தில் ஓராண்டு வளர்ச்சி சிறியதா? முன் பிறந்தவனின் தோள் வலிமையைத் திறமை என்று எண்ணி மயங்குவது எளிது.

2009-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மெல்போர்ன் கழகத்துக்கு அந்த ஆண்டு முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் கிடைத்தன. டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ் என்னும் இருவரை எடுத்தது. மூன்றாவதாக ரிச்மண்ட் கழகம் எடுத்தவர் டஸ்டின் மார்ட்டின். நடந்தது என்ன? ஸ்கல்லி இரண்டே ஆண்டுகளில் புதிய கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார். டிரெங்கோவின் தலையில் இருபது வயதிலேயே தலைமைப் பொறுப்பு ஏறியது. பிறகு பாதக் காயம் அவரை வாட்டியது. 2013-இல் மெல்போர்ன் வென்ற ஆட்டங்கள் இரண்டே இரண்டு. மார்ட்டினோ 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரிச்மண்ட் கோப்பை வெல்ல முன்னின்றார்.

கதை இத்தோடு முடிந்தால் 'ஆள் பார்க்கத் தெரியாத கழகம்' என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே நாளில், அதே மெல்போர்ன் கழகம், 34-ஆம் எண்ணில் மேக்ஸ் கான் என்னும் நெடிய இளைஞனை எடுத்தது. முழங்கால் காயத்தால் அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. ஆண்டுகள் உருண்டன. 2021-இல் மெல்போர்ன் 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்றபோது அதன் தலைவராக நின்றவர் இந்த 34-ஆம் எண்தான்! பெரும் பரிசு என்று எண்ணியவை கைநழுவின. பின்னால் வந்தது பன்னிரண்டு ஆண்டு கழித்துக் காய்த்தது.

இவ்வளவும் சொல்வது எதற்காக? இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் கழகம் மூன்று நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: முதல் சுற்றில், அணியில் இன்று விழுந்திருக்கும் ஓட்டையை அடைக்க ஆள் தேடக் கூடாது. அந்த இளைஞன் முற்றி வளர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஓட்டை வேறிடத்தில் விழுந்திருக்கும். எந்த இடத்தில் ஆடுபவன் என்று பாராமல், நிறைந்த ஆற்றல் உடையவனையே எடுக்க வேண்டும்.

இரண்டு: பிந்திய சுற்றுகளில் துணிவு வேண்டும். எல்லாவற்றிலும் நடுத்தரமான இளைஞனை விட, ஒன்றில் மட்டும் அரிய திறமை உள்ளவன் மேல். காயத்தால் ஓராண்டு ஆடாதவன், மெல்ல வளரும் நெடியவன், இவர்களைப் பிறர் விட்டுவிடுவார்கள். தவறினால் இழப்புச் சிறிது; பலித்தால் பயன் பெரிது. 1990-இல் எசண்டன் கழகம் ஜேம்ஸ் ஹேர்டை எடுத்தது 79-ஆம் எண்ணில். அவரே 2000-இல் அக்கழகம் கோப்பை வென்றபோது தலைவர்.

மூன்றாவதே தலையாயது. 'இவன் எப்படிப்பட்டவன்?' என்று கேட்கும் கழகம், 'நாம் எப்படிப்பட்டவர்கள்?' என்றும் கேட்க வேண்டும். 2004-இல் ஹாதார்ன் கழகம் ஜாரிட் ரஃப்ஹெட், லான்ஸ் ஃபிராங்க்ளின், ஜோர்டன் லூயிஸ் ஆகிய மூவரையும் 2, 5, 7 ஆகிய எண்களில் எடுத்து ஒன்றாக வளர்த்தது. 2008-இல் கோப்பை வென்ற அணியில் மூவரும் இருந்தார்கள். விதை நல்லதுதான், நிலமும் நன்றாக இருந்தது.

அந்த ஆண்டில் ஃபிராங்க்ளினுக்கு முன் 4-ஆம் எண்ணில் ரிச்மண்ட் எடுத்தவர் ரிச்சர்ட் டாம்ப்ளிங். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். ஆயினும், 'ஃபிராங்க்ளினை விட்டுவிட்டு இவரையா எடுத்தார்கள்?' என்ற பேச்சு அவரை விடவே இல்லை. தேர்ந்தெடுத்தவர்கள் யாரோ, வசை சுமந்தவர் அவர். இது நீதியா? 2013-இல் முதல் எண்ணாக வந்த டாம் பாய்டைப் பாருங்கள். 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கழகம் 62 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வெல்லத் துணைநின்றார். தம் உள்ளச் சோர்வை வெளிப்படையாகப் பேசிய அவர், 2019-இல் ஆட்டத்திலிருந்தே விலகினார். அப்போது அவருக்கு வயது 23. என் வயது. எண்ணின் சுமை எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

'நடந்து முடிந்த பின் யாரும் ஞானம் பேசலாம். தோற்கும் கழகத்தின் ரசிகன் பன்னிரண்டு ஆண்டு பொறுப்பானா? பயிற்சியாளரின் வேலை அதுவரை நிலைக்குமா?' என்று சிலர் கேட்பர். உண்மைதான், பொறுமைக்கு விலை உண்டு. ஆனால் பொறுமையின்மைக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவன் ரசிகன் அல்லன்; பயிற்சியாளரும் அல்லர். பதினெட்டு வயதில் தலையில் ஓர் எண் ஒட்டப்பட்ட இளைஞனே அதைக் கொடுக்கின்றான். பிழைபடக்கூடிய கணிப்பு என்று முன்பே தெரிந்திருக்கும்போது, அந்தப் பிழையைப் பொறுக்கும் ஏற்பாட்டையும் முன்பே செய்வதுதானே அறிவுடைமை?

அன்பர்களே, நுழைவுத் தேர்வின் தரவரிசையில் ஓர் எண்ணாக நின்றுதான் நாமும் இப்படிப்பட்ட வளாகங்களுக்கு வருகின்றோம். நூற்றுக்குள் வந்தவன் அந்த எண்ணைக் காக்க அஞ்சி அஞ்சி வாழ்கின்றான். ஆயிரத்துக்கு அப்பால் வந்தவன் அதை எண்ணி எண்ணி நாணுகின்றான். இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே. எண் ஒரு நாளின் கணிப்பு. அன்று நம்மைப் பார்த்தவர்கள் தம்மால் இயன்றதைச் சொன்னார்கள். அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. இந்த ஆண்டு விடுதிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையரிடம், 'உன் ரேங்க் என்ன?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதிருப்போம். 'உனக்கு என்ன உதவி வேண்டும்?' என்று கேட்போம். நல்ல கழகத்துக்கு அதுவே அடையாளம். நல்ல மன்றத்துக்கும் அதுவே.