கணக்குப் போட்டு ஆடினாலும் சூது சூதே

 

"ஹஜ்ரத், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவதில்லை. கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறோம். இது எப்படிச் சூதாட்டம் ஆகும்?" குதிரைப் பந்தயத்தில் சிக்கிய இளைஞர்கள் நம்மிடம் வைக்கும் வாதம் இது. வீட்டுச் செலவுக்கான பணத்தை ரேஸில் தொலைத்தவரும் இதையே கூறுகிறார். ஆகவே, இதற்குப் பதில் கூறுவது நம்மீது கடமையாகிறது.

அவர்கள் கணக்குப் போடுவது உண்மைதான். முந்தைய பந்தயங்களில் குதிரை எத்தனையாவதாக வந்தது? 1200 மீட்டருக்கு ஏற்றதா, 2000 மீட்டருக்கா? எத்தனை கிலோ சுமக்கிறது? ஜாக்கி யார், பயிற்சியாளர் யார்? ஈரத் தரையில் எப்படி ஓடும்? புறப்படும் இடம் உள்வேலியை ஒட்டியதா? காலைப் பயிற்சியில் 600 மீட்டரை எத்தனை விநாடிகளில் கடந்தது? இத்தனையையும் ரேஸ் புத்தகத்தில் தேடித் தேடிப் படிக்கிறார்கள். இந்த உழைப்பில் பாதியை ஒரு தொழிலில் செலுத்தியிருந்தால் குடும்பம் தலைநிமிர்ந்திருக்கும்!

சட்டமும் தங்கள் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நாட்டின் சட்டம் எதைத் தண்டிக்கும் என்ற கேள்விக்கு அது விடை. அல்லாஹ்விடம் எது ஹலால் என்ற கேள்விக்கும் அதையே விடையாகக் கொள்ள முடியுமா? அரசே மதுக்கடை நடத்துவதால் மது ஹலால் ஆகிவிட்டதா?

ஆடுபவருக்குத் திறமை உண்டா, இல்லையா என்பதை வைத்து மார்க்கம் சூதை அளக்கவில்லை. ஆடுவோர் அனைவரும் பணம் வைத்து, ஒருவருடைய இழப்பே இன்னொருவருடைய லாபமாக அமைந்தால் அது சூது. சதுரங்கம் முழுக்க முழுக்க மூளையின் ஆட்டம். இரு தரப்பும் பணம் கட்டி ஆடினால் அதுவும் சூதே என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

குதிரை ஓட்டத்தை இஸ்லாம் வெறுக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. மற்றவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஆட்சியாளரோ, போட்டியாளர்களில் ஒருவர் மட்டுமோ பரிசு வைப்பதை ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் அனுமதிக்கின்றன. ஆனால் ரேஸில் பணம் கட்டுபவர் குதிரையில் ஏறுவதுமில்லை, குதிரையை வளர்ப்பதுமில்லை. அவருக்கும் குதிரைக்கும் இடையே இருப்பது அவர் கட்டிய பணம் மட்டுமே.

சரி, அந்தக் கணக்காவது பலிக்கிறதா? ஹேண்டிகேப் பந்தயத்தில், திறமை மிகுந்த குதிரையின் மீது கூடுதல் எடையை ஏற்றுவதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லாக் குதிரைகளும் சமமாக வந்து முடிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நீங்கள் படிக்கும் அதே கணக்கை உங்களுக்கு முன்பே படித்து, அதை ஒன்றுமில்லாமல் செய்ய முயல்பவர் அவர். டோட்டில் சேரும் பணத்திலிருந்து நடத்துபவரின் பங்கும் வரியும் முதலில் கழிக்கப்படுகின்றன. 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி, 10,000 ரூபாயில் 2,000 கழிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரும் மேதைகளாகவே இருந்தாலும் அவர்களுக்குள் பங்கிட எஞ்சுவது 8,000 தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதிர்ஷ்டத்தை நம்பித் தோற்றவன் ஒருநாள் சலித்து விலகக்கூடும். கணக்கை நம்பித் தோற்றவனோ, "கணக்கில் எங்கோ பிழை, அடுத்த வாரம் திருத்திவிடலாம்" என்று மீண்டும் செல்கிறான். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும் வழி இதுதான்.

சூதில் சில பலன்கள் இருந்தாலும் அதன் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் எச்சரிக்கிறது. பகையையும் வெறுப்பையும் மூட்டவும், இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கவும் ஷைத்தான் ஏந்தும் கருவி அது என்று அல்மாயிதா 91 உணர்த்துகிறது. சூதாட வருமாறு தோழரை அழைத்தவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அழைத்த வாய்க்கே பரிகாரம் உண்டென்றால், பணம் கட்டிய கையின் நிலை என்ன?

பெற்றோர்களே! பிள்ளையின் கையில் ரேஸ் புத்தகத்தைக் கண்டால், "படிக்கத்தானே செய்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள். விட்ட பணத்தை மீட்கிறேன் என்று கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மனம் திருந்தி வருபவரை ஏளனம் செய்யாதீர்கள். அவர் பட்ட கடனை அடைக்கக் குடும்பமும் ஜமாஅத்தும் தோள் கொடுங்கள்.

அல்லாஹ் நம் சந்ததிகளை ஹராமான வருவாயிலிருந்து காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.