ஷிப்ட் முடியும் வரை காப்பகம் வேண்டும்

காலை எட்டு மணிக்கெல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து, டிபன் கட்டி, பிள்ளைக்குத் தலைவாரி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓடிவருகிறார், தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண். எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும்.

இதில் ஒரு வேலையை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். பிள்ளைகளின் பசியாற்றும் திட்டமாகத்தான் அதைப் பேசுகிறோம். வேனுக்கு ஓடும் தாய்க்கும் அது பெரிய ஆறுதல்.

ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அங்கன்வாடி பிற்பகலிலேயே மூடிவிடும். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்குப் பாட்டி ஊரில் இருக்கிறார். அதனால் குழந்தையே ஊருக்குப் போய்விடுகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை செல்போனில் முகம் பார்த்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ் ஏறும் குடும்பங்கள் எத்தனையோ. பெற்றவளைக் கண்டதும் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளை, மெல்ல ஒட்டிக்கொள்வதற்குள் லீவு முடிந்துவிடும். இந்தப் பிரிவைக் குடும்பத்தின் சொந்தக் கஷ்டம் என்று ஒதுக்குவது அநியாயம்.

வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பங்கிட வேண்டும்தான். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள்; செய்த ஆண்கள் 97 நிமிடம். அப்படிக் கைகொடுத்த ஆண்களும் நான்கில் ஒருவர் அளவுதான். இது மாறியே தீரவேண்டும். என்றாலும், இருவருமே மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பகல் பொழுதுக்கு எந்த நல்ல கணவனாலும் பதில் சொல்ல முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, 1976 திருத்தத்துக்குப் பின், சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம் அது கட்டாயமானது. தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் வந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத் தைக்கும் பவர்டேபிள் யூனிட்டுகள் இந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை.

ஆகவே காப்பகம் தெருவுக்கு வரவேண்டும். 2022இல் வந்த மத்திய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியையே காப்பகமாக்க இடம் தருகிறது. பனியன் கம்பெனிகள் நிறைந்த வார்டுகளில் அதை முதலில் தொடங்கலாம். காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை வரை திறந்திருக்க வேண்டும். இருக்கிற அங்கன்வாடிப் பணியாளர் தலையிலேயே இதையும் கட்டினால், அவர் வீட்டுக் குழந்தை என்னாவது? கூடுதல் ஆளும் ஒழுங்கான சம்பளமும் இதற்குத் தேவை. செலவில் ஒரு பங்கை ஏற்றுமதி நிறுவனங்கள் ஏற்கட்டும். பவர்டேபிள்களில் தைக்கப்படுவதும் அவர்கள் எடுத்த ஆர்டர்தானே.