பதிவேடு காப்பதும் பங்கின் பணியே



பங்கு என்றதும் கொடியேற்றமும் திருவிழாவுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. தம்பிலுவில், திருக்கோவில் போன்ற கரையோரக் கிராமங்களில் ஆலயத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. மக்களின் ஆதாரங்களைக் காப்பதே அது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, உடுத்த உடையோடு ஓடியவர்கள் பலர். 2004 டிசம்பர் 26 இல் எஞ்சிய பத்திரங்களையும் கடல் கொண்டுபோனது. பத்திரம் இல்லாதவர் தமது வயலிலேயே அந்நியராகிறார்.

காலந்தாழ்த்திப் பிறப்பைப் பதிவதற்கு ஞானஸ்நானச் சான்றிதழும் ஓர் ஆதாரமாகும். எனவே ஆலயப் பதிவேட்டைக் கறையானுக்கு விடலாகாது. பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும்.

இதோடு நின்றுவிடவும் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர்களைப் பங்குச் சபை ஆலய வளவில் அமர்த்தட்டும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பேமிற் பெற்ற கமக்காரர், பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்துள்ளாரா? இல்லையெனில் பிரதேச செயலகத்துக்குச் செல்ல அவருக்கு வழிகாட்டட்டும்.

கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் அங்கே வரலாம். இடம்பெயர்ந்தபோது எவரும் சமயம் பார்த்து ஓடவில்லை. உதவும்போதும் அது வேண்டாம். திருவிழாச் சோடனையில் சிறிது குறைத்தால் இதற்கான செலவு கிடைத்துவிடும். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் நீங்களே இதை எழுந்து கேளுங்கள்.