நம்ம ஊர் ரயிலுக்கு மாடல் வருவது ஏன் இவ்வளவு அரிது?

காக்ஸ் டவுனை ஒட்டிய பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிருந்தாவன், லால்பாக், டபுள் டெக்கர், 2022 நவம்பரிலிருந்து மைசூரு வந்தே பாரத் என்று சென்னை ரயில்கள் கடந்து போகும். இதில் ஒன்றை அளவு பிசகாத மாடலாக வாங்கி வீட்டில் ஓட்ட ஆசையா? ஹார்ன்பி, பாக்மன், மார்க்லின் என்று பெரிய கம்பெனிகளின் பட்டியலைப் புரட்டினால் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்க ரயில்கள்தான் கண்ணில் படும்.

எந்த ரயிலைச் செய்வது என்பதை முதலில் முடிவு செய்வது மோல்டு. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்ற எஃகில் வெட்டும் அச்சு அது. பிரிட்டனில் ஒரு புது எஞ்சினுக்கு இந்தச் செலவு லட்சம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். அதனால் ஒரே மோல்டில் பல பெயின்ட் அடித்து விற்கக்கூடிய வண்டியைத் தேடுகிறார்கள். 1998-இல் பிரிட்டனுக்கு வந்த கிளாஸ் 66 டீசல் எஞ்சினைப் பல சரக்கு கம்பெனிகள் ஓட்டின, ஆளுக்கொரு நிறம். மாடல்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது வயசுக் கணக்கு. வாங்குபவர் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர். சின்ன வயதில் பார்த்த ரயிலையே தேடுவார்.

இந்த இரண்டு கணக்கிலும் நம்ம டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் முதல் மார்க் வாங்கும். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியிலேயே தயாரானது. மொத்தம் 2,600-க்கும் மேல். பொன்மலை, ஈரோடு என்று ஷெட்டுக்கு ஷெட் தனி நிறம். எண்பதுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள். அப்புறம் என்ன தடை?

தண்டவாளமா காரணம்?

பலரும் அப்படித்தான் சொல்வார்கள். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 மி.மீ. வர வேண்டும், கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. ஆனால் இது சாக்குதான் என்பேன். ஸ்பெயினின் பாதை 1,668 மி.மீ., கிட்டத்தட்ட நம்முடையதே. அங்கே எலக்ட்ரோட்ரென் கம்பெனி அதே 16.5 தண்டவாளத்தில் ஸ்பெயின் ரயில்களை விற்கிறது, ஜனங்களும் வாங்குகிறார்கள். பிரிட்டிஷ் மாடல்களிலேயே சக்கரங்கள் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாகத்தான் இருக்கும்.

இடம் என்பது நிஜமான சிக்கல். எஞ்சினை மட்டும் விற்க முடியாது, பின்னால் பெட்டி வேண்டும். ஒரு ஐ.சி.எஃப். பெட்டி இந்த அளவில் சுமார் 25 செ.மீ. 24 பெட்டி என்றால் ஆறு மீட்டர்! ஃபிளாட் ஹாலில் எங்கே ஓட்டுவது? இரண்டு பெட்டி இழுக்கும் குட்டி நீராவி எஞ்சின்கள் அங்கே விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வகையில் எட்டுப் பெட்டி வந்தே பாரத் தேவலை, இரண்டு மீட்டர் சொச்சத்தில் அடங்கும்.

ஆனால் பெரிய முட்டுக்கட்டை, வாங்குவோர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிக் காட்டாததுதான். வெளிநாடுகளில் பல புது மாடல்களை முன்கூட்டியே அறிவித்து, ஆர்டர் சேர்த்த பிறகே மோல்டு வெட்டுகிறார்கள். இங்கே சிறு குழு ஒன்று அப்படிப் பணம் திரட்டிச் சீனாவில் செய்து கொண்டுவந்தால் சுங்கம் காத்திருக்கிறது. வரிப் பட்டியலில் மாடல் ரயிலும் பொம்மையும் ஒரே தலைப்பு. 20 சதவீதமாக இருந்த வரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023-இல் 70. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்கத்தான் இது. உள்ளூரில் யாரும் செய்யாத பொருளுக்கும் சேர்த்தே விழுகிறது.

இதற்கிடையே அசல் ரயிலே போய்க்கொண்டிருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டியை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் ஜெர்மன் வடிவ எல்.எச்.பி. பெட்டிகள். மோல்டு வெட்ட நேரில் அளவெடுக்க வேண்டும், இல்லை லேசரில் ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு ஒரு பெட்டியாவது உள்ளே சீட்டும் ஜன்னல் கம்பியும் மாறாமல் எங்காவது நிற்க வேண்டும். 3டி பிரின்டரில் பத்து இருபது என்று செய்பவர்களுக்கும் அந்த அளவுகள் இல்லாமல் வேலை நடக்காது.