மெல்லடையும் தனித்தட்டும்

இலக்கியம் பேசும் இடத்தில் அடுப்படிப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிக்கக்கூடிய நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறோம். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், அந்த மாநகரின் இரவைக் காட்டும்போது, பண்டம் விற்றுக் களைத்து இருந்த இடத்திலேயே தூங்கி வழியும் கூவியரையும், அவர்கள் செய்த அடையையும் மோதகத்தையும் விட்டுவிடவில்லை. அங்கே வரும் 'மெல்லடை' என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். மென்மையான அடை என்று உரை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம். அந்த மென்மை எவ்வளவு பாடுபட்டால் கைகூடும் என்பதை, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஓவன் முன்னால் கரிந்த தட்டும் கையுமாக நின்றபோதுதான் அறிந்துகொண்டோம்.

நடந்தது இது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துமஸ் தேவாலயத்தோடு முடிகிற விழாவன்று. டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே அதிரசமும் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் எவர்சில்வர் தூக்குகளில் ஏறித் தெருவெல்லாம் நடக்கத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து போன தூக்கு அப்போதுதான் நிறைந்து திரும்பி வரும். நாம் பணிபுரியும் துறையிலும் விடுமுறைக்கு முந்தின நாள் மாணவர்கள் காசு சேர்த்துக் கேக் வெட்டுவது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பிற்பகலில், முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி கேக் வைத்த தட்டை மடியில் ஏந்தியபடி, அதைத் தொடாமலே எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். விரதமா அம்மா என்று கேட்டோம். "இல்லை ஐயா, எனக்குக் கோதுமை ஆகாது, சீலியாக்" என்றாள். நமக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டினோம்.

அதோடு நின்றிருந்தால் பாவமில்லை. பொங்கல் விடுமுறை கழிந்து வந்த ஒரு நாள், கடையில் 'ராகி பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொதி ஒன்றைக் கண்டு, அவளுக்காகவே வாங்கிப்போய்க் கொடுத்தோம். கொடுக்கும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும். அவள் நன்றி சொல்லி வாங்கி, பொதியைத் திருப்பி, பின்புறத்துப் பொடியெழுத்தைப் படித்தாள். பிறகு மிகுந்த பணிவோடு, "வீட்டில் தம்பிக்குக் கொடுக்கிறேன் ஐயா" என்றாள். நாமும் வாங்கிப் பார்த்தோம். சேர்பொருள் பட்டியலில் முதலில் நின்றது கோதுமை மாவு. கேழ்வரகு எங்கோ நான்காவதோ ஐந்தாவதோ. பாடபேதம் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியின் பவர் கூடிப்போன நாம், ஒரு பிஸ்கட் பொதியின் பின்பக்கத்தைப் படிக்கத் தவறினோம்.

சீலியாக் என்பது ஒவ்வாமையின் இன்னொரு பெயரன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற பசையப் புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரிலுள்ள உறிஞ்சிகள் தேய்ந்துவிடும். உண்டது உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை, எலும்புத் தேய்வு, ஓயாத வயிற்றுப்போக்கு என்று அது பல வேடத்தில் வரும். கிரேக்க மருத்துவர் அரிடேயஸ் காலத்திலேயே இதற்குப் பெயர் இருந்தது. காரணம் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்த அந்நாளில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்தார்கள். டிக்கேயின் ஆய்வேடு 1950இல் வெளிவந்தது. இன்றுவரை இதற்கு நிலைபெற்ற மருந்து, வாழ்நாள் முழுதும் பசையத்தை விலக்குவது ஒன்றே. கோதுமை உண்ணும் வட இந்தியாவில் இந்நோய் அதிகம், தெற்கே மிகக் குறைவு. குறைவு என்பதே இங்குள்ள நோயாளிக்குச் சுமையாகிவிடுகிறது. ஒவ்வொரு விருந்திலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். 'குளூட்டன் ஃப்ரீ' என்பதும் 'சத்தானது' என்பதும் ஒன்றென்று அங்காடிகள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. இரண்டும் வேறு. வெள்ளை மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த பிஸ்கட்டில் பசையம் இராது, சத்தும் இராது. அதன் விலையோ சாதாரண பிஸ்கட்டைப் பல மடங்கு தாண்டியது. முழுக்கோதுமை ரொட்டியில் சத்து உண்டு. அந்த மாணவிக்கு அது நஞ்சு. இவ்விரண்டையும் குழப்பியதால் நேர்ந்த கேடு என்னவென்றால், எடை குறைப்புக்காக இந்த வாரம் கோதுமையை விட்டவரும், ஒரு துணுக்கு தின்றால் குடல் புண்ணாகிறவளும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். விருந்து வைப்பவர் முன்னவரைப் பார்த்துப் பழகி, பின்னவளிடமும் "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்துகிறார். (இடையே ஒரு சொல்: தமக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயுறுகிறவர்கள், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனை பொய்யாகிப்போக இடமுண்டு. மருத்துவரிடம் முதலில் போங்கள்.)

இன்னொரு கட்சியும் இருக்கிறது. அது நம் துறையிலேயே பலமானது. "தினையும் வரகும் சாமையும் உண்டவர்கள் நாம், நம் பலகாரம் எல்லாமே குளூட்டன் இல்லாததுதான்" என்று மார்தட்டும் கட்சி. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இவர்கள் குரல் ஓங்கியிருக்கிறது. தானியத்தைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வது சரியே. அரிசிமாவும் வெல்லப்பாகும் கூடிய அதிரசத்தில் பசையத்துக்கு என்ன வேலை? ஆனால் நடைமுறையைப் பாருங்கள். முந்திரிக்கொத்தின் மேல்மாவில் மொறுமொறுப்புக்காக ஒரு கை மைதா சேர்க்கும் வீடுகள் பல. அதிரசம் சுட்ட எண்ணெயில் அதற்கு முன்பு மைதாச் சோமாசி பொரிந்திருக்கும். முறுக்கில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. டப்பாவில் எழுதியே இருக்கும், படிப்பார்தான் இல்லை. முன்னோர் பெருமை சிறுகுடலைக் காப்பதில்லை.

அளவைச் சொன்னால் விளங்கும். பசையம் அற்றது என்று ஓர் உணவை அழைக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது பன்னாட்டு விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் அதுவே. அரைக் கிராம் மைதாவில் மட்டும் ஏறத்தாழ 40 மில்லிகிராம் பசையம் இருக்கும். ஒரு கிலோ கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகை மைதா விழுந்தால் விதி முறிந்தது. நாம் முதலில் நம் தெரு மாவு மில்லுக்குத்தான் போனோம். அண்ணாச்சி தங்கமான மனிதர். "அதுக்கென்ன சார், கோதுமைக்கு அப்புறம் ரெண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கழுவிவிட்டு உங்களுதைப் போடுதேன்" என்றார். மிளகாய் அரைத்த வாடை போக அது போதும். இதற்குப் போதாது. திரும்பி வந்து கேழ்வரகை முறத்தில் பரப்பியபோது, அரைக்கிலோவில் ஏழு கோதுமை மணிகள் கிடைத்தன. துணைவியார் அவற்றைத் தனியே எடுத்து வைத்து நம்மைப் பார்த்தார். பிறகு கழுவி, மாடியில் உலர்த்தி, நன்றாகத் துலக்கிய மிக்ஸியில் அரைத்து, புதிதாக வாங்கிய சல்லடையில் சலித்தோம். பழைய சல்லடைக் கண்களில் பூரி மாவு எத்தனை ஆண்டுகளாகக் குடியிருந்ததோ!

மென்மைக்கு வருவோம். பிஸ்கட் என்ற சொல்லுக்கு இருமுறை சுட்டது என்று பொருள். குக்கி என்பது சிறிய கேக் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே காய்ந்து மொறுமொறுப்பது முன்னதன் இயல்பு, மெத்தென்று இருப்பது பின்னதன் இயல்பு. பரோட்டாவில் மாவு கிழியாமல் காற்றில் விரிவது பசையத்தின் வலிமை. அங்கே அதற்கு மாற்று தேடுவது பெரும்பாடு. குக்கிக்கோ அந்த வலிமை தேவையில்லை, மிகுந்தால் கெடுதல்கூட. கோதுமை இல்லாமல் சுடுவதற்கு இதைவிட எளிய பண்டம் அடுமனையில் இல்லை என்றே சொல்வோம்.

இதை அறியாமல் மூன்று முறை தோற்றோம். பச்சரிசி மாவில் செய்தது வாயில் மணலாயிற்று. கேழ்வரகை மட்டும் கொண்டு செய்தது ஓவனிலிருந்து எடுக்கும்போதே உதிர்ந்தது. மூன்றாவது, வேகவில்லை என்று பயந்து ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்ததில் கல்லாயிற்று. நான்காவதில் அமைந்தது. கேழ்வரகு மாவு 150 கிராம், பொடித்த முந்திரி 75 கிராம், வெண்ணெய் 80 கிராம், முட்டை ஒன்று. கருப்பட்டி 100 கிராமை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சற்றே இறுகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். பிடிமானத்துக்கு இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, அது வேலை செய்யச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, சுக்குத்தூள், பட்டைத்தூள், உப்பு. வெண்ணெயையும் கருப்பட்டிப் பாகையும் முட்டையையும் முதலில் அடித்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்க்கலாம்.

பிசைந்ததும் சுட்டுவிடக் கூடாது. கேழ்வரகுத் தவிடு தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் உறங்கவிட்டால் மணல்தன்மை போய்விடுகிறது. 170 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஓரம் இறுகி நடு இன்னும் வேகாததுபோல் தோன்றும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். மனம் கேட்காது, எடுத்துத்தான் ஆகவேண்டும். தட்டிலேயே பத்து நிமிடம் கிடந்தால் தன் சூட்டில் தானே பதமாகிவிடும். பாகு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் மெத்தென்றே இருக்கிறது. சுக்கும் கருப்பட்டியும் கூடிய மணம் ஐரோப்பியரின் கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கட்டுக்கு உறவு. நமக்கோ பனங்காட்டு நினைவு வருகிறது.

இனிப்பு இனிப்புதான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

அடுத்த டிசம்பர் வந்தது. சக பேராசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாகப் பத்து செய்து கொண்டுவந்துவிடுங்களேன், மற்றவர்களுக்குக் கேக் இருக்கிறது" என்றார். இதைத்தான் ஒப்ப மறுத்தோம். தனித்தட்டு எவ்வளவு அன்போடு வைக்கப்பட்டாலும் தனித்தட்டுதான். தனிக்குவளையின் வரலாற்றை வகுப்பில் நடத்துகிற நாம், இது அதுவன்று, இது மருத்துவக் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் வேறுதான், இழிவும் இங்கே இல்லை. ஆனாலும் எல்லாரும் ஒரு தட்டிலிருந்து எடுக்கும்போது ஒருத்தி மட்டும் தன் டப்பாவைத் திறக்கிறாள். போதாக்குறைக்கு, கேக் வெட்டிய கத்தியும் உதிர்ந்த தூளும் அதே மேசையில் இருக்குமானால் அந்தத் தனித்தட்டும் அவளுக்குக் காப்பில்லை. ஒருவருக்கு ஆகாததை அன்று ஒரு நாள் அனைவரும் விட்டுவிடுவதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்? நாற்பத்திரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு. துணைவியாரும் நாமும் இரண்டு இரவு சுட்டோம். கேக் வாங்கவில்லை. சில மாணவர்களுக்கு அதில் வருத்தம், வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த வருத்தத்தையும் இங்கே பதிவு செய்வதே நேர்மை.

அவள் பட்டியலைக் கேட்டாள். மாவு அரைத்த இடம், சல்லடை, பெருங்காயம், ஓவன் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். சொன்னோம். நடுத்தட்டிலிருந்து, மற்றவர்கள் எடுத்த இடத்திலிருந்தே, ஒன்று எடுத்துப் பாதி கடித்தாள். நாம் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் மாணவனைப்போல் நின்றோம்.

"சுக்கு கொஞ்சம் தூக்கல் ஐயா" என்றாள், இரண்டாவதை எடுத்துக்கொண்டே.