தரகனா நம் பிள்ளைகளுக்கு ஆலோசகன்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியான வாரத்தில் நம் குடிசைகளைத் தேடி முதலில் வருவது யார்? சர்க்கார் உத்தியோகஸ்தரா? இல்லை, தோழர்களே! மில் தரகன் வருகிறான். கையில் வண்ண நோட்டீஸ். "மூன்று வருஷம் வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்த ரொக்கம்" என்கிறான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற இந்த ஆசாமிதான் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாழ்க்கை வழிகாட்டி!

இதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வைத்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பு மில்கள் பலவற்றில் இது நடந்தது. பெயர் நாறிய பிறகு வேறு பெயர்களில் நடந்தது. கடைசியில் தருவதாகச் சொன்ன முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ முதலாளியின் தருமமா? மாதாமாதம் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி அது! நடுவில் நோய் கண்டு ஊர் திரும்பிய பெண்கள் எத்தனை பேர் அதையும் இழந்தார்கள்! கேட்டால், "அவள் தொழிலாளி அல்ல, அப்ரண்டிஸ்" என்று பதில். அறுந்த இழையை ஒட்டக் கற்றுக்கொள்ள மூன்று வருஷமா? ரிங் பிரேமில் நின்ற தோழர்கள் சொல்லட்டும்.

"பெற்றோரே மனமுவந்து அனுப்புகிறார்கள்" என்கிறார்கள் முதலாளிகள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மனம் எங்கே உவக்கிறது? (ஆனால் நம்மிலும் சிலர், "பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு மேல்படிப்பு?" என்று பேசுகிறார்கள். வெட்கக்கேடு!)

சர்க்காரிடம் இதற்கென்று ஆபீஸ் இல்லையா? இருக்கிறது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945ல் ஆரம்பித்த வேலைவாய்ப்பு ஆபீஸ், 1948ல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1959ல் சட்டமும் வந்தது. 25 பேருக்குக் குறைவான தனியார் ஸ்தாபனங்களை அது தொடவில்லை. பெரிய ஸ்தாபனம் காலியிடத்தை ஆபீசுக்குத் தெரிவித்தால் போதும்; ஆபீஸ் அனுப்பும் ஆளைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது! தனியார் பண்ணையின் விவசாய வேலையையோ சட்டம் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது. வயலில் குனிந்து நிற்பவன் மகனும் அந்த ஆபீசில் கார்டு போட்டுவிட்டு, புதுப்பித்து, புதுப்பித்து, நரை கண்டான். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபீசுக்கு 'தொழில் மையம்' என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறது. முதலாளிக்குக் கட்டாயமில்லை என்ற வாசகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

மாநிலத்தில் 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' வந்தது. அதே வருஷம் செப்டம்பரில், சர்க்கார் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' வந்தது. நல்லதை நல்லதென்றே சொல்வோம். அவற்றால் படித்து முன்னேறிய பெண்கள் நம் தெருக்களிலேயே உண்டு. ஆனால் அவை படிப்பைத் தொடர்ந்தவளுக்கு. பத்தாவதோடு நின்றவளின் கதவைத் தட்டுவது யார்? பஸ் கட்டணம், ஹாஸ்டல், அப்பன் வாங்கிய முன்பணம் இவற்றுக்கு வழி சொல்லாத ஆலோசனை வெறும் துண்டுப் பிரசுரம்.

ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் சம்பளம் பெறும் வழிகாட்டி அதிகாரி வேண்டும். பரீட்சை முடிவு வந்த வாரமே, தரகனுக்கு முன்னால், அவர் நம் தெருவுக்கு வர வேண்டும். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தைக் கையோடு கொண்டு வர வேண்டும்.

இன்னொன்று. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி, அப்ரண்டிஸ் என்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சர்க்காரிடம் பதிவாக வேண்டும். நோட்டீசோடு வருகிறவனிடம் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் அவன் பெயரையும் மில்லின் பெயரையும் எழுதிக்கொண்டு, பெண்ணை அனுப்புவதற்கு முன் சங்க ஆபீசுக்கு வாருங்கள்.